உருகிப் போன முதல் உரு

செப்புத் திருமேனி ஒன்றின் முன் நின்று அதன் அழகில் மனம் தோயும்போதெல்லாம், நான் காண்பது சிற்பியின் கை தொட்ட பொருளை அன்று, அந்தப் பொருள் அழிந்த பின் அது இருந்த இடத்தில் வந்து புகுந்த வேறொன்றையே என்ற எண்ணம் சில காலமாக என்னை நிம்மதியாக இருக்கவிடுவதில்லை. ஸ்தபதியின் விரல்கள் பழகியது மெழுகோடு. தேன்மெழுகையும் குங்கிலியப் பொடியையும் சிறிது கடலை எண்ணெயோடு கூட்டிக் காய்ச்சிப் பதம் பார்த்து இறக்கி (கடலை, கடல் கடந்து பிற்காலத்தில் வந்த பயிராதலால் பழையவர்கள் வேறேதோ எண்ணெயைத்தான் வார்த்திருக்க வேண்டும்), கைச்சூட்டுக்கே இளகிக்கொடுக்கும் அந்தப் பழுப்புப் பிண்டத்திலிருந்து தலையும் உடலும் கைகால்களும் தனித்தனியே பிடித்து, ஓலை நறுக்கை மடித்து எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டு, சூடேற்றிய இரும்புக் கருவியால் அங்கங்களை ஒன்றோடொன்று பொருத்தி, புருவத்தின் வளைவையும் உதட்டின் ஓரத்தையும் நகத்தின் நுனியையும் அவர் தீர்மானிப்பதெல்லாம் அந்த மெழுகில்தான். பிறகு அதன்மேல் மைபோல் அரைத்த ஆற்று வண்டல் பூசப்படுகிறது; அது நிழலில் உலர்ந்த பின் இன்னொரு பூச்சு, அதன்மேல் கனத்த மண், அதைச் சுற்றி இரும்புக் கம்பிக் கட்டு. வறட்டி அடுக்கித் தீ மூட்டினால் உள்ளே இருந்தது உருகித் துவாரத்தின் வழியே வடிந்துவிடுகிறது. எஞ்சுவது ஒரு பாழ். அந்தப் பாழில் ஊற்றிய லோகம் ஆறிய பின் மண்கூட்டை உடைத்து எடுத்ததையே நாம் கண்ணாரக் கண்டு கைகூப்புகிறோம். வடிந்த மெழுகும் வீணாவதில்லை. சிவகாமியாக நின்றது அடுத்த வேலையில் விநாயகராகிறது. இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களின் கட்சி பலமானது என்பதை அறிவேன். ஆயினும் அந்த முதல் உருவைப் பார்த்தவர்கள் பட்டறையில் இருந்த இரண்டு மூன்று பேர் மட்டுமே. அதற்குக் கண் திறப்பு நடக்கவில்லை, ஒரு குடம் நீர் வார்க்கப்படவில்லை, ஒரு பூ விழவில்லை.

தாமிரபரணிப் பிரதேசத்தில் செப்பறை, கரிசூழ்ந்தமங்கலம், கட்டாரிமங்கலம், கருவேலங்குளம் ஆகிய ஊர்களின் நடராஜ மூர்த்தங்களை ஒரே சிற்பியின் கைவேலையாகச் சேர்த்துச் சொல்லும் கர்ணபரம்பரைக் கதை ஒன்று உண்டு. மூர்த்தங்களின் எழிலைக் கண்டு மயங்கிய அரசன், இதுபோல் இன்னொன்று வேறெங்கும் உண்டாகலாகாது என்று அந்தச் சிற்பியின் கைகளை வெட்டுவித்தான் என்றும், அவன் மரக்கை பொருத்திக்கொண்டு மேலும் ஒரு மூர்த்தத்தைச் செய்து முடித்தான் என்றும் அந்தக் கதை போகிறது. கைவெட்டும் அரசர்கள் எத்தனையோ தேசங்களின் கதைகளில் வருகிறார்கள். அதில் எனக்குச் சுவாரசியமில்லை. மெழுகு வார்ப்பில் கருவும் போய்விடுகிறது, அதைச் சூழ்ந்த மண்கூடும் உடைந்துவிடுகிறது, ஆகவே ஒரு வார்ப்புக்கு ஒரு மூர்த்தம் என்பது தொழிலின் விதியாகவே அமைந்திருக்கிறது. அவ்வாறிருக்க, இரண்டாவது பிறக்கக்கூடாது என்று அரசன் எதற்காக அஞ்சினான்? மூலம் பட்டறையில் இல்லை, கையில்தான் இருக்கிறது என்பது கதை கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அது கையிலும் இல்லை என்பதற்காகத்தான் மரக்கையைப் பொருத்தினார்கள் போலும். எப்படியானாலும் கதை முழுவதிலும் மெழுகைப் பற்றி ஒரு பேச்சில்லை. அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இருந்ததாகவும் தெரியவில்லை.

மெழுகை இருக்கவிட்ட தேசங்களும் உண்டு. எகிப்தில் நைல் நதிக்கு மேற்கே உள்ள ஃபாயும் என்ற தாழ்நிலப் பகுதியில், கிறிஸ்து சகாப்தத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் இறந்தவர்களின் முகங்களை மெல்லிய மரப்பலகையில் எழுதி, சீலை சுற்றிப் பதப்படுத்திய உடலின் முகத்துக்கு நேராக வைத்துக் கட்டினார்கள். 1888இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அங்குள்ள ஹவாராவில் இவற்றில் பலவற்றைத் தோண்டியெடுத்தார். இன்று சுமார் 900 படங்கள் உலகத்தின் காட்சிச்சாலைகளில் சிதறிக்கிடக்கின்றன. சில, பசையில் குழைத்த வர்ணத்தால் ஆனவை. பல, உருக்கிய தேன்மெழுகில் வர்ணப்பொடியைக் கலந்து எழுதியவை. தேன்மெழுகு 62லிருந்து 64 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் உருகுவது. அடுப்பின்மேல் வைத்த உலோகத் தட்டில் ஒவ்வொரு வர்ணத்தையும் தனித்தனியே திரவநிலையில் வைத்திருக்க வேண்டும். புகையும் அளவுக்குச் சூடேறவிட்டால் மெழுகும் கெடும், வேலை செய்பவரின் மூச்சும் கெடும். தூரிகையில் தோய்த்தெடுத்ததும் தட்டுக்கும் பலகைக்கும் இடையே உள்ள சாண் தூரத்திலேயே அது உறையத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கோட்டை நிதானமாக இழுப்பது என்ற சௌகரியம் இங்கே கிடையாது. ஒவ்வொரு தீற்றலும் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றுவிடும். தூரிகைக்கு வசப்படாத இடங்களில், சூடேற்றிய இரும்புக் கரண்டி போன்ற கருவியால் மெழுகைத் தள்ளியும் கீறியும் கன்னத்தின் சதையையும் இமையின் தடிப்பையும் கொண்டுவந்தார்கள். கடைசியில் தணலைப் படத்தின் அருகே காட்டி, மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு உருகி ஒன்றாகும்படி செய்வது இக்கலையின் உயிரான காரியம்; அதைச் செய்யாத படம் நாளடைவில் அப்பளமாக உரிந்துவிடும். வேலை முடிந்தால் உலருவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மேலே பூக்கும் வெண்மங்கலை மெல்லிய துணியால் தேய்த்துவிட்டால் உள்ளிருந்து ஒளி வருவதுபோன்ற ஒரு பளபளப்பு உண்டாகிறது. இந்தப் பளபளப்பு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளாகியும் அம்முகங்களை விட்டுப் போகவில்லை. 1954-55இல் ஜாஸ்பர் ஜான்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் தம் நாட்டுக் கொடியை மெழுகில் எழுதியபோதும், ஒரு தீற்றல் இன்னொன்றோடு குழம்பாமல் உடனே உறைந்து நிற்கும் அந்தக் குணத்தைத்தான் நாடினார்.

இந்த வித்தைக்கு வேண்டிய திரவியங்களில் எது நம்மிடம் இல்லாதிருந்தது? பாபநாசத்துக்கு மேலே காரையாறு, சேர்வலாறு மலைகளில் வாழும் காணி மக்கள் தேனெடுப்பதில் தேர்ந்தவர்கள். மலைத்தேனீ உயர்ந்த கிளைகளிலும் பாறை முகட்டிலும் தொங்கவிடும் பெரிய அடையைப் புகை காட்டி அறுத்துக்கொண்டு வந்து, தேனைப் பிழிந்த பின் சக்கையை வெந்நீரில் உருக்கினால் மெழுகு மேலே மிதந்து கட்டியாகிறது. இன்றைய மெழுகோவியர்கள் எட்டுப் பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு என்ற அளவில் சேர்த்துக் கடினமாக்கும் பிசின், நம் ஸ்தபதிகள் சேர்க்கும் அதே குங்கிலிய ஜாதியைச் சேர்ந்தது. அதைத் தரும் மரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலேயே நிற்கின்றன. இன்னும் விசேஷம், மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் கூடு கட்டும் கொசுத்தேனீ என்னும் கொட்டாத தேனீ, தன் உடலில் சுரந்த மெழுகோடு மரங்களிலிருந்து திரட்டிய பிசினைத் தானே கலந்து கூடு கட்டுகிறது. பிசின் சேர்த்தால் மெழுகு நிலைக்கும் என்ற ரகசியத்தை மனிதன் அந்தப் பூச்சியிடமிருந்து கற்றானோ என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. காவிக்கல்லும் சாதிலிங்கமும் விளக்குப் புகைக்கரியும் ஓவியர் பட்டறையில் எப்போதும் இருந்தவை. சூடேற்றிய இரும்பால் மெழுகின்மேல் வேலை செய்யும் பழக்கம் ஸ்தபதியின் அன்றாடம். ஃபாயும் ஓவியனின் கருவியும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலை ஸ்தபதியின் கருவியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பிகளாகத் தெரியும். இத்தனையும் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் மெழுகில் ஒரு சித்திரம் எழுத வேண்டும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் தோன்றாமல் போனது ஏன் என்பதுதான் என்னைக் குடையும் கேள்வி.

வெயிலைக் காரணம் காட்டுவது எளிது. கோடையில் நாற்பது டிகிரியை எட்டும் திருநெல்வேலியில் மெழுகு இளகத்தான் செய்யும். ஆனால் எகிப்து குளிர்ப்பிரதேசம் அன்று, அங்கே நிலைத்தது இங்கே உருகியோடிவிடும் என்பது நியாயமாகாது. கரையானையும் ஈரத்தையும் சொல்வார்கள். பலகை தின்னப்பட்டிருக்கும் என்பது உண்மைதான், ஆயினும் நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையில் மரவேலைப்பாடு நிற்கிறது, அம்பாசமுத்திரத்தை அடுத்த திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் மரத்தூண்களும் உத்தரங்களும் சிற்பங்களைச் சுமந்துகொண்டு நூற்றாண்டுகளாக நிற்கின்றன. நல்ல தேக்கு கிடைக்காத ஊர் இதுவன்று. மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது. வெசூவியஸ் எரிமலையின் சீற்றத்தில் 79ஆம் ஆண்டு மாண்ட ரோமானியர் பிளினி, தம் பெருநூலில் மெழுகு வர்ணத்தைப் பற்றிச் சொல்லும்போது, அது சுவருக்கு உரியதன்று என்றும், போர்க்கப்பல்களுக்கு வழக்கமானது என்றும், சரக்குக் கப்பல்களுக்கும் இப்போது பூசுகிறார்கள் என்றும், வெயிலோ உப்புநீரோ காற்றோ அதைக் கெடுப்பதில்லை என்றும் எழுதிவைத்தார். முத்துக்கும் மிளகுக்குமாக ரோமாபுரியின் பொன் இந்தியாவுக்குக் கொட்டிப்போகிறதே என்று அங்கலாய்த்தவரும் அவர்தான். அப்படியானால் மேற்குக் கரையின் முசிறியில் வந்து நின்ற நாவாய்களின் விலாவிலும் முகப்பிலும் இந்த மெழுகு வர்ணம் மின்னியிருக்க வேண்டும். தாமிரபரணியின் முகத்துவாரத்தில் முத்துக் குளித்த கொற்கைப் பரதவர் எவரேனும் ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்து, இது என்ன பிசுபிசுப்பு என்று விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டிருக்கலாம் என்று கற்பனை செய்துகொள்வதில் குற்றமில்லை. திருப்புடைமருதூர்க் கோபுரத்தின் உட்சுவர்களில் குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. அது சுண்ணாம்புச் சுதையின்மேல் எழுதிய கப்பல். மெழுகு கப்பலுக்கு உரியது, சுண்ணாம்பு சுவருக்கு உரியது. நம் ஓவியர்களுக்குக் கிடைத்ததெல்லாம் சுவர்.

நூல்களும் அப்படித்தான் பிரித்துக் கொடுக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் இயற்றிய மானஸோல்லாஸம் என்ற ஸம்ஸ்கிருத நூலில் இரண்டு வித்தைகளும் இடம்பெறுகின்றன. விக்ரஹம் வார்க்கும் பகுதியில், செய்த மெழுகுருவை முதலில் நிறுத்துக்கொள்ள வேண்டும், வெள்ளியானால் மெழுகைப்போல் பன்னிரண்டு மடங்கும் பொன்னானால் பதினாறு மடங்கும் உலோகம் எடுக்க வேண்டும் என்று விதி. சித்திரம் எழுதும் பகுதியிலோ, எருமைத்தோலை வெண்ணெய் போல் குழையக் காய்ச்சி உண்டாக்கும் வஜ்ரலேபம் என்ற பசைதான் வர்ணத்தைப் பிடிக்கும் பொருள். ஒரே ஆசிரியன், ஒரே நூல். இருந்தும் மெழுகு அங்கிருந்து இங்கே வந்து சேரவில்லை. வஜ்ரலேபமும் சுண்ணாம்பும் நீரோடு உறவுள்ளவை, மெழுகு நீருக்குப் பகை. அந்தப் பகை தீர வழியில்லை. ரோமிலும் சுவரில் மெழுகுக்குக் கிடைத்த வேலை ஒன்றுதான்: சாதிலிங்கச் சிவப்பு பூசிய சுவர் வெயில் பட்டுக் கறுத்துவிடும் என்பதால் அதன்மேல் மெழுகைப் பூசி, தணல் காட்டி உள்ளிறங்கச் செய்து, துணியால் தேய்த்து மெருகேற்ற வேண்டும் என்று விட்ருவியஸ் என்ற கட்டடக்கலை ஆசிரியர் எழுதியிருக்கிறார். சாதிலிங்கமும் மெழுகும் அங்கே இப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்பதை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆனால் சுவரைச் சொல்லிவிட்டால் கேள்வி அடங்கிவிடுகிறதா என்றால், எனக்கு அடங்கவில்லை. ஃபாயும் முகங்கள் சுவருக்காகப் பிறந்தவை அல்ல. அவை இறந்தவர்களுக்காகப் பிறந்தவை. இறந்தவர்களுக்கு நம் ஆற்றங்கரையிலும் குறைவில்லை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899க்கும் 1905க்கும் இடையே தோண்டியபோது தாழிகளிலிருந்து இரும்பும் வெண்கலமும் வந்தன. அவற்றோடு, நெற்றியில் கட்டுவதற்காக மெல்லிய பொற்றகட்டில் நீள்வட்டமாகச் செய்த பட்டங்களும் வந்தன. வெண்கலப் பாத்திரங்களின் மூடிகளில் பறவைகளையும் விலங்குகளையும் வார்த்து நிறுத்திய கைத்திறனைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். நெற்றிக்குப் பொன் கொடுத்தவர்கள் அந்த நெற்றி யாருடையது என்று தெரியும்படி ஓர் அடையாளம் வைக்க விரும்பவில்லை. முகம் போகட்டும் என்று விட்டார்கள். எகிப்தியர்களுக்கு முகம் போய்விடக்கூடாது என்பதில் இருந்த தவிப்பு, இங்கே வேறொரு திசையில் திரும்பியிருக்கிறது. தனிமனிதனின் முகத்தை நிலைநிறுத்த வேண்டும் என்ற ஆசை எழாத இடத்தில், அதற்கென்றே ஏற்பட்ட ஒரு கலை வந்து கதவைத் தட்டினாலும் திறப்பார் இருந்திருக்கமாட்டார் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். இதைச் சொல்லும்போதே, ஹவாராவின் அந்தப் பெரிய கண்களை உடைய முகங்களைப் புகைப்படத்தில் பார்த்தபோது எனக்கு உண்டான கூச்சமும் ஞாபகம் வருகிறது; நம்மை அவ்வளவு நேராகப் பார்க்கும் உரிமையை ஓர் அந்நியருக்குக் கொடுக்க நாம் பழகவில்லை. சந்நிதியில் மட்டுமே அப்படி ஒரு பார்வையின் முன் நிற்கப் பழகியிருக்கிறோம்.

அந்தப் பார்வையைச் சித்திரத்துக்கே கொடுத்த இடம் குற்றாலத்துச் சித்திர சபை. நடராஜருக்கு உரிய ஐந்து சபைகளில் இரண்டு பழைய திருநெல்வேலி ஜில்லாவிலேயே அமைந்தன; நெல்லையில் தாமிரம், குற்றாலத்தில் சித்திரம். மற்ற இடங்களில் உலோகத்தில் ஆடுபவர் இங்கே சுவரில் வர்ணமாக ஆடுகிறார், அந்த வர்ணத்துக்கே ஆராதனை. வர்ணமே மூர்த்தியாகிவிட்ட பிறகு அது நிலைத்திருக்க வேண்டும் என்று கவலைப்பட்டிருப்பார்கள், அப்போதாவது மெழுகை நினைத்திருக்கலாமே என்று முன்பு எண்ணியதுண்டு. இப்போது அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். நம் கோயில்களில் மங்கியதைப் புதுப்பிப்பது குறையாகாது, கடமை. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி, கும்பாபிஷேகம் என்று வரும்போது சுவர் மீண்டும் வெள்ளைகண்டு வர்ணம் பெற வேண்டும். மெழுகு பூசிய பரப்பின்மேல் சுண்ணாம்பும் பசைவர்ணமும் ஒட்டா. ஒருமுறை மெழுகுக்கு இடம் கொடுத்தால் அடுத்த தலைமுறை ஓவியனுக்கு அங்கே இடமில்லை. நிலைத்திருக்க வேண்டியதை உலோகத்திடம் ஒப்படைத்தோம், புதுப்பிக்க வேண்டியதைச் சுண்ணாம்பிடம் ஒப்படைத்தோம். நிலைத்திருப்பதில் வல்லதான மெழுகுக்கு அந்தப் பங்கீட்டில் மிஞ்சியது கரைந்து போகும் வேலை. இந்தத் திருப்பணி மனோபாவத்தால் எத்தனை பழஞ்சித்திரங்கள் வெள்ளையடிப்பில் மறைந்தன என்பதை நினைத்தால் அதைப் பாராட்டவும் வாய் வருவதில்லை.

பக்தி நூல்களும் மெழுகுக்கு வேறு கதி காட்டவில்லை. அடியார் நெஞ்சு என்றாலே அது தீயின் முன் மெழுகாக இளகியாக வேண்டும். உறைந்து உருவம் காத்து நிற்கும் மெழுகை உவமையாக வைத்த அடியவர் எவரும் என் வாசிப்பில் எதிர்ப்படவில்லை. தாமிரபரணிக் கரையில் குருகூரில் அவதரித்த நம்மாழ்வாரும், பிரிவில் வாடும் தலைவியின் நிலைக்கு மெழுகோடு அரக்கையும் சேர்த்து, இரண்டையும் தீயருகே வைத்துத்தான் காட்டினார். அவருடைய ஊரிலேயே வழங்கும் ஐதிகம் இன்னும் விநோதமானது. மதுரகவியாழ்வார் தம் ஆசாரியருடைய விக்ரஹத்தை வேண்டித் தாமிரபரணித் தீர்த்தத்தைக் காய்ச்சினார் என்றும், முதலில் வரப்போகும் ஆசாரியரான ராமாநுஜரின் விக்ரஹமும் பின்பு நம்மாழ்வாரின் விக்ரஹமும் அதிலிருந்து தோன்றின என்றும் சொல்கிறார்கள். மெழுகில்லை, மண்கூடில்லை, சிற்பியுமில்லை. ஆறு கொதித்தது, திருமேனி வந்தது. ஸ்தபதிகள் நிறைந்த ஒரு தேசத்தில் இப்படி ஓர் ஐதிகம் உண்டாவானேன் என்று யோசித்தால், அழிந்துபோகும் அந்த முதல் உருவைப் பற்றிய சங்கடம் எனக்கு மட்டும் உரியதன்று என்று ஓர் ஆறுதல் கிடைக்கிறது. இடையில் ஒன்று உருகிப் போகாமல் நேரே கிடைத்த திருமேனி வேண்டும் என்று யாரோ ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, மெழுகு நிலைத்திருக்கும்படி நாம் விட்டுவைத்த ஓர் இடமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மூலவரின் சிலா விக்ரஹத்தைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தனத்தைத்தான் குறிப்பிடுகிறேன். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் அளவறிந்து சேர்த்து, கல்லில் இட்டு ஆட்கள் மாறி மாறி இடித்து, கையில் இழுத்தால் இழுபடும் பதத்துக்குக் கொண்டுவந்து, சூட்டோடு திரித்து உருட்டிப் பீடத்துக்கும் விக்ரஹத்துக்கும் இடையே உள்ள சந்தில் அழுத்திச் சாத்துகிறார்கள். மருந்து சாத்துவது என்பது வழக்கு. நாளாக நாளாக அது இறுகிக் கல்லாகிறது. பிடிப்பு தளர்ந்தால் பழைய மருந்தைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புதிது சாத்துவார்கள். இதன் சேர்மானத்தை நிதானமாகப் பார்த்தால் மெழுகும் பிசினும் காவியும் சாதிலிங்கமும் உஷ்ணத்தில் கூடிய ஒரு செவ்வர்ணம் அது; எகிப்தியப் பலகை ஓவியன் ஒருவனை அழைத்துவந்து காட்டினால், கொஞ்சம் கனத்துவிட்டது, இன்னும் சூடேற்றி இளக்கினால் எழுதலாம் என்று அவன் தூரிகையை எடுத்துவிடுவான். மேற்கே முகமெழுதப் பயன்பட்ட பொருள், இங்கே சிற்சில மாற்றங்களோடு தெய்வத்தின் பாதத்துக்குக் கீழே, வஸ்திரத்தாலும் மாலையாலும் மறைந்த இடத்தில் இறுகி நிற்கிறது. இதை ஓவியம் என்று சொல்ல நான் துணியமாட்டேன். பசை என்று சொல்லிவிட்டு நகரவும் மனம் ஒப்பவில்லை. சாதிலிங்கம் எதற்கு என்று கேட்டால் உறுதிக்கு என்பார்கள். தூள் சேர்ந்தால் மெழுகு இறுகும் என்பதை ரசாயனம் படித்தவர்களும் ஆமோதிப்பார்கள். உறுதிக்கு மட்டும்தான் என்றால் சுக்கான்தூளும் கற்காவியும் ஏற்கெனவே அதில் இருக்கின்றன, இரண்டும் மலிவானவை, இன்னும் ஒரு பங்கு கூட்டினால் தீர்ந்தது. ஒருவர் கண்ணிலும் படப்போகாத ஒரு சந்துக்கு, வர்ணங்களிலேயே விலை உயர்ந்த சிவப்பை வாங்கி இடிக்கச் சொன்ன அந்தப் பழைய ஆசிரியன் அங்கே எதைக் கண்டான் என்பதற்கு மட்டும் யாரும் எனக்குத் திருப்தியான ஒரு பதில் சொல்லவில்லை.